மரவள்ளிக்கு வந்த குளவி

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் கப்பைக்கிழங்கு என்று உண்ணப்படும் மரவள்ளிக்குத் தென் அமெரிக்க மாவுப்பூச்சி ஒன்று பகையாக வந்து, 2020-இல் பக்கத்துத் திருச்சூரில் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஆணின் துணையின்றிப் பெண்களே பெருகும் இப்பூச்சி குருத்தின் சாற்றை உறிஞ்ச, நுனியிலைகள் சுருண்டு கொத்தாகிவிடும். இதற்கு எதிரி அனாகிரஸ் லோபெசி என்னும் ஒட்டுண்ணிக் குளவி, அதாவது பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதையே தன் புழுவுக்கு இரையாக்கும், எள்ளைவிடச் சிறிய உயிர். 1981-இல் பராகுவேயிலிருந்து பெறப்பட்டு நைஜீரியாவில் விடப்பட்ட இக்குளவி ஆப்பிரிக்காவின் மரவள்ளியை மீட்டெடுத்தது; அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது (பாதிப் பங்கு குளவிக்குரியது எனலாம்). அதன் வழித்தோன்றல்கள் 2009-இல் பெனினிலிருந்து தாய்லாந்துக்குச் சென்றன; 2021-இல் பெனினிலிருந்தே பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகத்துக்கும் வந்து, தனிமைக்காப்பில் சோதிக்கப்பட்டு, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டன.

பெண் குளவி உணர்கொம்புகளால் மாவுப்பூச்சியைத் தட்டிப் பார்த்து, தகுதியானதென்று தெரிந்த பின்னரே முட்டையிடுகிறது. முட்டை ஏற்ற பூச்சி சில நாளில் பழுப்பு நிறக் கூடாக விறைத்துப்போக, புதிய குளவி அதில் துளையிட்டு வெளியேறுகிறது. அக்கூடுகள் தென்படும் வயலில் மருந்து தெளிப்பது காவற்காரனையே கொல்வதாகும்.