மலைபடுகடாம் காட்டும் வழி

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாத்தைப் புகழாதார் இலர். முழுதும் படித்தவர் சிலரே. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளையும், நன்னன் சேய் நன்னன் என்னும் வேளின் கொடையைப் பாடிய புகழ்நூல் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மலையில் எழும் பல்வகை ஓசைகளை அடுக்கிக் காட்டும் பகுதியை மட்டும் தனியே எடுத்துச் சுவைப்போரும் உண்டு. அப்பகுதி சுவையானதே, நூலுக்குப் பெயர் தந்ததும் அதுவே. ஆயினும் இது முதன்மையாக வழியைப் பற்றிய பாட்டு என்பது எம் கருத்து. தடம் தெளிவாக இல்லாத மலைக்காட்டை, முன்பின் அறியாத ஒரு கூட்டம் எவ்வாறு கடப்பது என்னும் கேள்வியே இதன் உயிர்.

பிற ஆற்றுப்படைகளிலும் பயணம் உண்டு. சிறுபாணாற்றுப்படையிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் வழி என்பது பெரும்பாலும் ஊர்களின் வரிசை. எவ்வூரில் எவ்வுணவு கிடைக்கும் என்பதே அங்குப் பேச்சு. மலைபடுகடாத்திலும் விருந்துக்குக் குறைவில்லை. நன்னனின் கூத்தர் என்று சொன்னால் போதும், சொந்த வீட்டினுள் நுழைவது போலக் குறவர் சிற்றூர்க்குள் நுழையலாம் என்கிறார் புலவர். ஆனால் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையிலுள்ள ஆளில்லாத நிலத்தை அவர் தாண்டிக் குதிப்பதில்லை. அங்கேதான் நின்று நிதானமாகப் பேசுகிறார்.

கூத்தர்களின் தோளைப் பாருங்கள். முழவும் கொம்பும் குழலும் பையிலிட்டுக் கட்டி, பலாக்காய்க் கொத்துப் போலத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இச்சுமையோடு ஏற வேண்டும் என்பதை மனத்தில் கொண்டே புலவரின் எச்சரிக்கைகள் அமைகின்றன. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியில் உண்டு. ஆகவே விடிந்தபின் நடவுங்கள். குழிகளில் பாம்பு ஒடுங்கியிருக்கும். கூர்ந்து பார்த்து, விறலியர் கைதொழ, நெறியைச் சற்றே விட்டு விலகி வலப்புறமாகச் செல்லுங்கள். தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் மரங்களின் ஊடே பாய்ந்து வரும். அடிமரத்தின் பின்னே மறையுங்கள். பாசி படர்ந்த இடத்தில் கால் வழுக்கும். மூங்கிலையும் நாணற்கோலையும் பற்றிக்கொள்ளுங்கள். மரம் போலக் கிடக்கும் மலைப்பாம்பை விலகிப் போங்கள். இருட்டினால் குகையில் தங்குங்கள். இவை கற்பனையில் பிறந்த அணிகள் அல்ல. நடந்து களைத்த ஒருவன், நடக்கப் போகிறவனுக்குச் சொல்லும் சொற்கள்.

இதனை எமக்கு உணர்த்தியது இமயமலை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கார்வால் மலைப்பகுதியில், முதுகுச் சுமையோடு, பலரும் செல்லாத ஒரு வழியில் சென்றோம். மரங்கள் முடியும் உயரத்துக்கு மேல் 'புக்யால்' எனப்படும் புல்வெளி தொடங்கியதும் பாதை மறைந்தது. ஆட்டு மந்தைகளின் தடங்கள் பத்தாகப் பிரிந்து சென்றன. ஒவ்வொன்றும் வழி போலவே தோன்றிற்று. மேகமும் இறங்கிவிட்டது. எம்முடன் வந்த மலைநாட்டு இளைஞர் எம்மை அசையாமல் ஓரிடத்தில் கூடியிருக்கச் சொல்லி, அவ்வப்போது குரல் கொடுக்கச் செய்து, தாம் மட்டும் முன் சென்று தேடினார். அவர் தேடியது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சில கற்களை. இடையர்கள் வழிக்குறியாக வைத்தவை அவை.

அந்த ஈரப் புல்லில் அமர்ந்திருந்தபோதுதான் பெருங்கௌசிகனார் நினைவுக்கு வந்தார். வழி மயங்கினால் அலையாதீர்கள், அகன்ற பாறையில் ஒன்றாகக் கூடுங்கள், உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள் என்று அவரும் சொல்கிறார். வெள்ளத்தில் விழுந்தவரின் கூக்குரலைக் கேட்டவர் போலக் கானவர் விரைந்து வருவார்களாம். பரிசில் பெறுவதற்காகச் சுமந்து செல்லும் முழவு, உயிர்காக்கும் கருவியாகிவிடுகிறது. வீட்டில் பலமுறை படித்தும் அவ்வடிகளில் வெறும் அலங்காரத்தையே கண்டிருந்தோம்.

மலையைக் கடந்து காட்டுவழியில் கவலைகள் பிரியும் இடத்தில் இன்னொரு குறிப்பு வருகிறது. இதற்கு இணையானதொன்றைப் பிற ஆற்றுப்படைகளில் யாம் கண்டதில்லை. வழி பிரியுமிடத்தைத் துடைத்துச் சீர்செய்து, பின்னே வருவோர் அறியும்படி புல்லை முடிந்து வையுங்கள் என்கிறார் புலவர். அதனை அடுத்தே, செல்லும் ஊரின் பெயர் அறியுமாறு எழுதப்பட்ட கற்களும் சொல்லப்படுகின்றன. கல்லெழுத்து அந்நாட்டாருடையது, புல்முடிச்சோ வழிப்போக்கருடையது. அதைச் செய்யுமாறு பணிக்கும்போது கூத்தரைப் 'புலம்பெயர்' புதியவர்கள் என்று விளிக்கிறார். ஊர் விட்டு ஊர் வந்த நாம் இச்சொல்லை ஏக்கத்தோடு மட்டுமே எடுத்தாள்கிறோம். இங்கே அதில் ஏக்கமே இல்லை. அச்சொல்லை ஒட்டியே ஒரு வேலை வந்து நிற்கிறது.

நூலில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். நன்னனின் ஊரை அடைந்தபின் பாட்டின் மூச்சு தளர்கிறது. அவன் முற்றத்தில் குவிந்த கையுறைகளின் காட்சி ஒன்றைத் தவிர, அரண்மனை வருணனை எந்த வள்ளலுக்கும் பொருந்தும். செங்கண்மா இன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். அவ்வூரினும் அதற்குச் செல்லும் வழியே நம் நெஞ்சில் நிற்கிறது.

1889இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த நச்சினார்க்கினியர் உரையோடு இதைப் படிக்கப் புகுவோர்க்கு ஒரு சொல். எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டு கூட்டும் அவ்வுரையும் ஒரு மலைவழிதான், மயங்குவது இயல்பு. முதல் அடியில் தொடங்க வேண்டுமென்பதில்லை. பன்றிப்பொறியில் தொடங்குங்கள், புல்முடிச்சுவரை இளையோர்க்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். நன்னன் காத்திருப்பான்.