குளத்தில் கைகோத்தவர்கள்

புறநானூற்றின் 243ஆம் பாட்டை நடத்தும்போதெல்லாம் மாணவிகள் அந்தக் கிழவருக்காக இரக்கப்படுவார்கள். தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. கையில் தண்டு, பேச்சுக்கு நடுவே இருமல். இளமையில் மருதமரக் கிளையேறி, கரையில் நின்றவர்கள் திகைக்கக் குளத்தில் குதித்து, அடிமணலை அள்ளிவந்த நாளை நினைத்து ஏங்குகிறார். அந்தக் குளத்தில் அவர் மட்டும் இல்லை. மணலில் பாவை செய்து பூச்சூட்டிய பெண்களும் இருந்தார்கள். அவர்களோடு கைகோத்துத்தான் அவர் ஆடினார். அவர்களுக்கும் வயதாகியிருக்குமே, அவர்கள் எங்கே?

புறநானூற்றில் கிழவிகளுக்குக் குறைவில்லை. 277இல் கொக்கின் தூவிபோல் நரைத்த தலையோடு ஒருத்தி, 278இல் நரம்பெழுந்த தோளோடு ஒருத்தி. இருவரும் போருக்குப் போன மகனைப் பற்றிய செய்தியோடுதான் பாட்டுக்குள் வருகிறார்கள். 248இல் ஒரு கைம்பெண், இளமையில் தழையாடையாக உடுத்திய ஆம்பல் இன்று தனக்கு உணவாகிப்போனதைச் சொல்கிறாள். அதில் இளமையின் நினைவு வருகிறது, கணவனின் சாவின் வழியாக. முதியவனுக்கு விளையாட்டின் நினைவு. முதியவளுக்கு மகனும் கணவனும்.

இதைப் பழம்பாட்டின் குறையாக விட்டுவிடலாம், நம் நகரங்கள் இன்றும் முதியவர்களுக்கான திட்டங்களை ஏறக்குறைய இதே கணக்கில் போடாதிருந்தால்.

சென்னையில் எங்கள் பகுதிப் பூங்காவில் எட்டு வடிவ நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், சிமெண்டு இருக்கைகள் எல்லாம் இருக்கின்றன. காலை ஆறரைக்குப் போனால் இருக்கைகளில் ஓய்வூதியக்காரர்கள். செய்தித்தாள், அரசியல், சர்க்கரை அளவு, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள். அவர்கள் வயதுப் பெண்களும் வருகிறார்கள், ஆனால் உட்காருவதில்லை. கையில் வீட்டுச் சாவியோடு சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, பால் காய்ச்சும் நேரத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். பெண் பொதுவெளியில் நிற்க வேண்டுமென்றால் அங்கே ஏதோ வேலை இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று மும்பையை முன்வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் ‘ஒய் லாய்ட்டர்?’ நூலில் எழுதினார்கள். அவர்களின் கவனம் பெரிதும் இளம்பெண்கள் மீது. அறுபத்தைந்து வயதில் அந்த ‘வேலை’ உடல்நலமாக மாறிவிடுகிறது. டாக்டர் நடக்கச் சொன்னார் என்பதுதான் முதியவளின் அனுமதிச்சீட்டு. சும்மா வந்தேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

திட்டங்களும் அப்படித்தான் பேசுகின்றன: மூட்டுவலி, ரத்த அழுத்தம், மறதிநோய்த் தடுப்பு. இவை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் குடும்பத்துக்குப் பாரமாகாமல் இருக்க உடலைப் பேணு என்ற அறிவுரைக்கும் பொழுதுபோக்குக்கும் என்ன தொடர்பு?

பொழுதுபோக்கு என்ற சொல்லே பொழுது மிஞ்சியவர்களுக்கானது. “பொழுது போகலையான்னு கேக்குறியே, எனக்குப் பொழுதே போதலடி” என்றார் எங்கள் தெருவில் பேரப்பிள்ளைகள் இருவரை வளர்க்கும் அம்மா ஒருவர். 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றது. அந்த வேலை செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். அலுவலகம் போன ஆணுக்கு ஓய்வுபெறும் நாள் ஒன்று உண்டு, மாலை போட்டு அனுப்புவார்கள். அடுப்படியிலிருந்து யாரையும் மாலை போட்டு அனுப்புவதில்லை. அறுபது வயதிலும் நான்கு வீடு பெருக்கித் துடைக்கும் பெண்ணுக்கோ காலை ஆறரை என்பது இரண்டாவது வீடு.

முதுகலை மாணவிகளிடம் ஒருமுறை, உங்கள் பாட்டி கடைசியாக எப்போது விளையாடினார் என்று கேட்டுவரச் சொன்னேன். பல்லாங்குழி, தாயம், கும்மி என்று பெயர்கள் வந்தன. எப்போது என்ற கேள்விக்குப் பெரும்பாலான தாள்களில் ஒரே பதில்: “வயசுக்கு வந்ததோட சரி.” விழுத்தண்டினாருக்கு விளையாட்டைப் பறித்தது முதுமை. இந்தப் பெண்களுக்கு அது பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பறிபோயிருக்கிறது. பறிபோனதைத் திரும்பக் கேட்க ஒரு வயது உண்டென்றால் அது முதுமைதான். அப்போதும் நாம் அவர்களுக்கு நீட்டுவது சர்க்கரைப் பரிசோதனை முகாம்.

தமிழ்க் கற்பனையில் இஷ்டப்படி ஊர்சுற்றும் கிழவி ஒருத்தி உண்டு. ஆனால் ஔவை அந்தச் சுதந்திரத்தை இளமையைக் கொடுத்து வாங்கினாள் என்கிறது கதை. 1953இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த படம் அந்தக் கதையை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. மெரினாவில் ஔவைக்கு 1968இல் சிலை வைத்தோம். அவள் வயதொத்த பெண்கள் மணலில் கால் புதையாமல் அலையருகே போக மரப்பாதை போடுவதற்கு 2022 நவம்பர் ஆனது. அதுவும் மாற்றுத்திறனாளிகள் விடாமல் கேட்டதால் வந்தது. திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. சக்கர நாற்காலிக்காகப் போட்ட பலகையில் முழங்கால் தேய்ந்த பெண்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடந்து போகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் அது உடற்பயிற்சி இல்லை என்று தெரியும்.

இந்த நகரம் முதிய பெண்களுக்குத் தந்த மிகப் பெரிய பொழுதுபோக்குத் திட்டம் எது என்று என்னைக் கேட்டால், பூங்கா எதையும் சொல்லமாட்டேன். 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தைச் சொல்வேன். அதற்கு முன்பே, 2016இல், அறுபது தாண்டியவர்களுக்கு மாதம் பத்து டோக்கன் வந்தது. அதற்கு விண்ணப்பம், சான்று, புகைப்படம் எல்லாம் வேண்டும், பத்தை எண்ணியெண்ணிச் செலவழிக்க வேண்டும். இதற்கு எதுவும் வேண்டாம், ஏறினால் போதும். நகரின் நடுவிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்ட பெண்கள் பழைய தெருவுக்கும் பழைய கோயிலுக்கும் பழைய சிநேகிதியிடமும் போய்வருகிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். எந்த அரசாணையும் இதை முதியோர் பொழுதுபோக்கு என்று எழுதவில்லை. எழுதாததால்தான் இது நடக்கிறதோ என்றுகூட எனக்குத் தோன்றும். ஆனால் அந்தப் பேருந்துகள் பலவற்றில் முதல் படி இன்னும் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஓட்டுநர் பொறுமையாக நிறுத்தும் நாளில்தான் திட்டம் அவர்களுக்குத் திட்டம்.

அனைவருக்குமான பூங்கா என்று பலகையில் எழுதிவிடுவது எளிது. மந்திரம் சொல்லித் தொடங்கும் யோகா வகுப்பிலிருந்து என் இஸ்லாமியத் தோழியின் தாயார் இரண்டாம் நாளே நின்றுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. திருநங்கையருக்கு நலவாரியம் கண்ட மாநிலம் இது, 2008இலேயே. அவர்களில் முதியவர் ஒருவர் பூங்கா இருக்கையில் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துபோகாமல் இருப்பாரா? கருவி வாங்க ஒதுக்கும் பணத்தால் தீராத காரியம் இது. நிகழ்ச்சியை நடத்துகிறவர் யார், யாரைப் பெயர் சொல்லி வரவேற்கிறார் என்பதில் இருக்கிறது.

பணத்தால் தீர்வதும் உண்டு. மிதிக்கும் கருவியில் புடவை சிக்கும் என்பதை வாங்குவதற்கு முன் ஒரு பெண்ணைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இருக்கைக்கு முதுகுச் சாய்மானமும், ஊன்றி எழக் கைப்பிடியும் வேண்டும். கழிப்பறை இருந்தால் போதாது, அதன் சாவி காவலாளியின் வீட்டில் இருக்கக்கூடாது. பேரப்பிள்ளைகள் விளையாடும் இடம் பாட்டிகள் தாயம் உருட்டும் இடத்திலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பெண்கள் வரவே முடியாது. பதினொன்றிலிருந்து மூன்று வரை பூங்கா திறந்திருக்க வேண்டும், நிழலோடு. சமையல் முடிந்து, பள்ளி விடுவதற்கு முன், ஒரு பெண்ணுக்கு மிஞ்சுவது அந்த நேரம்தான். எங்கள் பூங்காவின் வாசலில் அந்த நேரத்தில் பூட்டு தொங்குகிறது. எதிர்த் திண்ணையில் நான்கு பெண்கள் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடுகிறார்கள்.