நோட்டீஸில் இல்லாத வரி

தமிழில் எவ்வளவோ புத்தகங்களுக்கு விமர்சனம் வருகிறது. உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சை வேட்பாளர் அடிக்கிற நோட்டீஸுக்கு மட்டும் இதுவரை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. மேலே ஒரு சாமி படம், நடுவில் கைகூப்பிய போட்டோ, பக்கத்தில் பூட்டு சாவியோ ஆட்டோவோ ஏதோ ஒரு சின்னம். கீழே ‘எனது முன்னுரிமைகள்’ என்று ஒன்றிலிருந்து பதினைந்து வரை பட்டியல். தியாகதுருகத்தில் வாங்கினாலும் சரி, திருச்செந்தூரில் வாங்கினாலும் சரி, பட்டியல் ஒன்றுதான். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர், சிமென்ட் ரோடு, முதியோர் பென்ஷன், வீட்டுமனைப் பட்டா. கடைசியில் ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’.

கிண்டல் பண்ணுவதற்காக இதை எடுக்கவில்லை. 2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புறத் தேர்தலில், பேரூராட்சி வார்டுகளில் தி.மு.க., அ.தி.மு.க.வுக்கு அடுத்தபடியாக அதிக இடம் பிடித்தது காங்கிரஸ் இல்லை, பா.ஜ.க.வும் இல்லை. சுயேச்சைகள்தான்! ஆக, இந்த நோட்டீஸை நம்பி ஓட்டுப் போடுகிறவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. இத்தனை பேர் நம்புகிற ஓர் எழுத்தை ஒருமுறையாவது ஒழுங்காகப் படித்துப் பார்க்க வேண்டாமா?

தியாகதுருகத்தையே எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்துப் பேரூராட்சி. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடித்துக்கொண்ட கோட்டை இன்னும் மலைமேல் நிற்கிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை, கலெக்டரிடம் மனு கொடுக்க இந்த ஊர்க்காரர்கள் விழுப்புரத்துக்கு பஸ் ஏற வேண்டும். அதற்கப்புறம் அந்த அலைச்சல் இல்லை. இந்த ஊரில் ஒரு சுயேச்சை மேற்படி பட்டியலோடு ஜெயித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனையை அவரால் செய்ய முடியும்?

பட்டாவும் பென்ஷனும் தாலுகா ஆபீஸ் சமாச்சாரம். பெரிய குடிநீர்த் திட்டம் என்றால் குடிநீர் வடிகால் வாரியம். மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை இவையெல்லாம் பேரூராட்சியின் பொறுப்புதான். ஆனாலும் கவுன்சிலர் தனியாக ஒரு பல்புகூட மாட்ட முடியாது. மன்றம் தீர்மானம் போட வேண்டும், செயல் அலுவலர் அதை நிறைவேற்ற வேண்டும். எம்.எல்.ஏ.வுக்கு மாதிரி கோடிக்கணக்கில் தொகுதி நிதியெல்லாம் கவுன்சிலருக்குக் கிடையாது. 2023-ல் அரசு அறிவித்த மதிப்பூதியம், பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய். அவ்வளவுதான். மொத்தத்தில் அவரிடம் இருப்பது மன்றத்தில் ஒரு நாற்காலி, கேள்வி கேட்க ஒரு வாய், ஒரு ஓட்டு.

அந்த ஒரு ஓட்டு, பதவியேற்ற கையோடு பரீட்சைக்கு வந்துவிடுகிறது.

2011-ல் பேரூராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-ல் அந்த வேலை கவுன்சிலர்களிடம் போய்விட்டது. மார்ச் 2-ல் பதவியேற்பு, மார்ச் 4-ல் தலைவர் தேர்தல். பதினைந்து வார்டு இருக்கிற ஊரில் இந்தக் கட்சிக்கு ஏழு, அந்தக் கட்சிக்கு ஏழு, மிச்சம் ஒரு சுயேச்சை என்று அமைந்தால் என்ன ஆகும்? அந்த ஒருவர்தான் அன்றைக்கு ஊருக்கு ராஜா. கார் வரும், சால்வை வரும். ‘அண்ணே, சொல்லுங்கண்ணே’ என்று முந்தாநாள்வரை முகம் கொடுக்காதவர்கள் வந்து நிற்பார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ‘வார்டு மக்களின் நலன் கருதி’ அண்ணன் ஒரு கட்சியில் இணைந்திருப்பார்.

கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கிறது. ‘ஆளுங்கட்சியில சேரலேன்னா என் வார்டுக்கு ஒரு லைட்டு வராதுங்க. யாருக்காகச் சேர்ந்தேன்? உங்களுக்காகத்தானே!’ இது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். எதிர்த்து நின்ற வார்டைக் காயப்போடுவது நம் ஊரில் நடக்காத காரியமா? ஆனால் அந்த வாதத்தை ஒப்புக்கொண்டால் அவருக்கு எதற்கு ஓட்டுப் போட்டோம்? நேராக அந்தக் கட்சிக்கே போட்டிருக்கலாமே. இன்னொன்று: எல்லோரும் கட்டுகிற வரியில் எரிகிற விளக்கு, தலைவருக்கு வேண்டிய வார்டில் மட்டும் எரியுமென்றால் அது அநியாயம். அந்த அநியாயத்தை மன்றத்தில் கேட்கத்தானே அவரை அனுப்பினோம். அதில் பங்கு வாங்கிக்கொண்டு வரவா அனுப்பினோம்?

சட்டம் இதைத் தடுக்காதா என்றால், தடுக்காது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, சுயேச்சையாக ஜெயித்த எம்.எல்.ஏ. பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும். அது எம்.பி., எம்.எல்.ஏ.க்களோடு சரி. பக்கத்துக் கேரளாவில் 1999-ல் உள்ளாட்சிக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். அங்கே சுயேச்சைக் கவுன்சிலர் கட்சியில் சேர்ந்தால் பதவி காலி. ஆறு வருடம் போட்டியிடவும் முடியாது. 2022-ல் ஜெயித்த நம் கவுன்சிலர்களுக்கு அப்படி எந்தக் கடிவாளமும் இல்லை. ஆளுங்கட்சிகளுக்கு இது சௌகரியமாக இருப்பதால், யாரும் அவசரப்பட்டுச் சட்டம் கொண்டுவரவும் இல்லை.

இதனால் சுயேச்சைகள் எல்லாம் மோசம், கட்சிக்காரர்கள் எல்லாம் யோக்கியம் என்று அர்த்தம் இல்லை. கட்சி சாராதவர் என்பது மட்டுமே ஒரு தகுதி ஆகிவிடாது என்கிறேன். மதுரை வில்லாபுரத்தில் லீலாவதி என்று ஒரு கவுன்சிலர் இருந்தார். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், நெசவு செய்து பிழைத்தவர். தண்ணீரை விற்றுக் காசு பார்த்தவர்களை எதிர்த்து, தன் பகுதிக்கு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் கேட்டுப் போராடினார். 1997 ஏப்ரல் 23-ல் அவரை வெட்டிக் கொன்றார்கள். அவருக்கும் மன்றத்தில் ஒரு நாற்காலிதான், ஒரு ஓட்டுதான். ஆனால் தான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் அந்தம்மாவுக்குக் குழப்பம் இல்லை.

கட்சிக் கவுன்சிலர் தப்புப் பண்ணினால் மாவட்டச் செயலாளராவது கூப்பிட்டுக் கேட்பார். சுயேச்சையை யார் கேட்பது? நாம்தான் கேட்க வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. கிராமத்துக்கு கிராம சபை மாதிரி, நகரங்களுக்குப் பகுதி சபை நடத்த 2022-ல் விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். முதல்வர் வந்தால்தான் கூட்டம் என்றில்லை. முப்பது பேரும் ஒரு ஜமுக்காளமும் போதும்.

ஆகவே, சுயேச்சை வேட்பாளரின் பதினைந்து முன்னுரிமைகளில் பன்னிரண்டை அடித்துவிடலாம். மூன்று போதும்.

ஒன்று: தலைவர் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்பதை வார்டு மக்களைக் கூட்டிக் கேட்டுத்தான் முடிவு செய்வேன். கட்சியில் சேர்வதாக இருந்தால் ராஜினாமா செய்துவிட்டு, திரும்ப நின்று ஜெயித்து வருவேன்.

இரண்டு: மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலை முன்கூட்டியே டீக்கடைச் சுவரில் ஒட்டுவேன். எந்த வேலைக்கு எவ்வளவு பணம், யாருக்கு டெண்டர் என்று ஊர் படிக்கட்டும். ஒப்பாத தீர்மானத்தில் என் மறுப்பைப் பதிவு செய்யச் சொல்லி, அதையும் ஒட்டுவேன்.

மூன்று: பகுதி சபையைத் தவறாமல் கூட்டுவேன். என்னைத் திட்டுவதாக இருந்தாலும் அங்கே வந்து திட்டலாம்.

இவை மூன்றுக்கும் ஒரு பைசா நிதி வேண்டாம், யார் தயவும் வேண்டாம். மந்திரியைப் பார்க்க சென்னைக்கு பஸ் ஏறவும் வேண்டாம். ஒரே ஒரு ஆளால் செய்ய முடிகிற காரியங்கள் இவைதான். வேடிக்கை என்னவென்றால், நான் படித்த நோட்டீஸ் எதிலும் இவை மூன்றும் இல்லை.

2022-ல் வந்தவர்களின் ஐந்து வருடக் கணக்கு 2027-ல் முடிகிறது. அடுத்த நோட்டீஸ் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது, வீட்டுப் பிள்ளையை உட்காரவைத்து ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். பேனாவையும் கொடுங்கள். நோட்டீஸின் பின்பக்கம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். தலைவர் தேர்தலன்று என்ன செய்வேன் என்று அதில் ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிறவருக்கு ஓட்டுப் போடலாம். சிரித்து மழுப்புகிறவருக்கு மோரோடு சரி.