அலாத்தாசின் ஆய்வில் தோட்டத் தமிழர்

மலேசியச் சமூகச் சிந்தனையாளருள் சையத் உசேன் அலாத்தாஸ் (1928–2007) முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். ஆம்ஸ்டர்டாமில் முனைவர் பட்டம் பெற்றவர். சிங்கப்பூரில் மலாய் ஆய்வியல் துறைக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் தலைமை ஏற்றவர். 1988இல் மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர். சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதையை ஆராயும் அவரது நூல் 1977இல் இலண்டனில் வெளிவந்தது.

மலாய்க்காரர் சோம்பேறிகள் என்ற கூற்று எதிலிருந்து பிறந்தது? உழைக்காமையிலிருந்து அன்று, துரைமாரின் தோட்டங்களில் கூலியாக உழைக்க மறுத்தமையிலிருந்தே பிறந்தது என்பது அலாத்தாசின் விடை. வயலும் ஆறும் கடலும் இருந்தமையால் அவர்களால் மறுக்க முடிந்தது. இவ்விடை நமக்கு உடன்பாடே. ஆயின், மறுக்க இயலாதவரின் நிலை என்ன?

கோல சிலாங்கூர் வட்டாரம் இவ்வினாவுக்கு நல்ல உரைகல். நாட்டில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917இல், இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில். (தோட்டத்தின் பெயர் தமிழாக இருப்பதை மாணவர்க்குச் சுட்டலாம்.) இத்தகைய தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழருக்குச் சொந்த நிலம் இல்லை. லயத்து வீடும் தோட்டத்துக்கே உரியது. வேலை போனால் கூரையும் போகும். அந்நிலையில் பிறந்த அடக்கத்தையே துரைமார் ‘தமிழரின் இயல்பான பணிவு’ என்றனர். சோம்பலை அளந்த கோலே பணிவையும் அளந்தது.

குடியேறிய தொழிலாளர் போற்றப்பட்டது சுரண்டலுக்கு வாய்ப்பானவர் என்பதால்தான் என அலாத்தாஸ் உணர்த்துகிறார். எனினும் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோர் மலாய்க்காரர், பிலிப்பினோக்கள், ஜாவானியர் ஆகியோரே. தமிழர் பெரும்பாலும் ஒப்பீட்டுக்காகவே வந்து போகின்றனர். இதனை நூலின் குறை என்பதைவிட, தமிழ் ஆய்வாளர் நிரப்பாது விட்ட இடம் என்பதே பொருந்தும்.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. 1941இல் கோல சிலாங்கூருக்குத் தெற்கே, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. சீனருக்கு இணையான கூலி, கொடுமை செய்யும் கிராணிமார் நீக்கம், கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் தொழிலாளர் கேட்டனர். அவ்வாண்டு மே மாதம் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், படையினர் சுட்டதில் உயிர்கள் பறிபோயின.

மேலைக் கருத்துகளை ஆராயாது ஏற்பதை அலாத்தாஸ் 1970களில் ‘சிறைப்பட்ட மனம்’ என்றார். மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவர்களைப் ‘பணிந்து உழைத்த முன்னோர்’ என்றே நாமும் வகுப்பறையில் சொல்லி வந்திருக்கிறோம், அச்சொல் துரைமாருடையது.