ஸ்மித்தும் பெர்ஸியும்

கதை சொல்லத் தெரிந்தவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக்கூடாது என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு. காப்டன் ஜான் ஸ்மித்தைப் படித்தபோது அது இன்னும் பலப்பட்டது.

1607-ம் வருஷம் மே மாதம், நூற்றுச் சொச்சம் ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்ற குடியேற்றத்தை ஏற்படுத்தினார்கள். ஸ்மித் அவர்களில் ஒருவர். அவ்வருஷக் கடைசியில், அந்த நாட்டு மன்னர் பௌஹாட்டனின் ஆட்களிடம் அகப்பட்டுக்கொண்டார். 1608-ல் லண்டனில் அச்சான அவருடைய முதல் நூலின்படி, மன்னர் அவரை உபசரித்துப் பேசித் திருப்பியனுப்புகிறார். 1624-ல் வந்த பெரிய சரித்திரத்திலோ ஸ்மித்தின் தலை கல்லின்மேல் இருக்கிறது. தடிகள் ஓங்கி நிற்கின்றன. மன்னரின் சிறுமகள் போகஹாண்டஸ் ஓடிவந்து தன் தலையை அவர் தலைமேல் வைத்துக் காப்பாற்றுகிறாள். அதற்குள் அவள் இறந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. தகப்பனாரும் இல்லை. முதல் நூலில் பதிப்பித்தவர் சில பகுதிகளை விட்டுவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் என் சந்தேகம் தீரவில்லை. காட்சி அவ்வளவு கச்சிதமாக இருக்கிறது! நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

என் சண்டை அதைப் பற்றியல்ல. 1609-ல் வெடிமருந்துத் தீக்காயத்தோடு ஸ்மித் இங்கிலாந்து திரும்பிவிட்டார். அந்தக் குளிர்காலத்தில்தான் ஜேம்ஸ்டவுனில் பெரும் பஞ்சம். சில நூறு பேரில், 1610 வசந்தத்தில் கோட்டையில் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய அறுபது பேர். மனைவியைக் கொன்று உப்பிட்டுத் தின்ற ஒருவனைப் பற்றி ஸ்மித் எழுதுகிறார். எழுதிவிட்டு, அந்தப் பண்டத்தை எப்படிச் சமைத்தால் ருசி என்று ஒரு ஹாஸ்யமும் செய்கிறார். பக்கத்தில் இருந்திராதவனுக்குத்தான் இந்தச் சிரிப்பு வரும்.

இருந்தவர் ஜார்ஜ் பெர்ஸி. அப்போது குடியேற்றத்தின் தலைவர் அவரே. ஸ்மித்தின் நூலில் எரிச்சல் கொண்டுதான் அவர் பேனாவை எடுத்தார். எழுத்தாளர் என்று அவரைச் சொல்ல முடியாது. வாக்கியம் வண்டிமாடு போல நகர்கிறது. குதிரை, நாய், எலி, பூட்ஸ் தோல் என்று தின்றதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டு போகிறார். மனைவியைக் கொன்றவனைக் கட்டைவிரல்களில் கட்டித் தொங்கவிட்டு உண்மையை வரவழைத்தது தாமே என்பதையும் அதே குரலில் சொல்கிறார்.

1610 ஆகஸ்டில் பாஸ்பஹே என்ற ஊரை எரித்து, அவ்வூர்த் தலைவனின் மனைவியையும் குழந்தைகளையும் படகில் கொண்டுவருகிறார்கள். சிப்பாய்கள் முணுமுணுக்கிறார்கள். குழந்தைகளை ஆற்றில் எறிந்து தண்ணீரிலேயே சுடுகிறார்கள். தாயை எரித்துவிட வேண்டும் என்று பேச்சு வரும்போது, எரிப்பது தகாது, வாளோ துப்பாக்கியோ தேவலை என்கிறார் பெர்ஸி. இதை எவரும் கேட்டு வாங்கவில்லை. அவராகவே எழுதி வைத்தார். தம்மை நல்லவராகக் காட்ட நினைத்தவர் இந்த இடத்தில் ஒரு வரியையாவது மாற்றியிருப்பார்.

இந்த நூல் முழுமையாக அச்சேற 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனிதரை மனிதர் தின்றதெல்லாம் மிகைப்படுத்தல் என்று சில சரித்திரக்காரர்கள் தள்ளி வைத்தார்கள். 2012-ல் ஜேம்ஸ்டவுன் கோட்டையின் குப்பைக்குழி ஒன்றில் பதினாலு வயதுப் பெண் ஒருத்தியின் எலும்புகள் அகப்பட்டன. மண்டையோட்டிலும் தாடையிலும் கத்தி பட்ட தடங்கள். முதல் வெட்டுகள் ஆழமில்லாதவை. வெட்டியவனுக்குக் கை நடுங்கியிருக்கிறது போலும்.