கரிசலும் பேட்டையும்: தமிழ் நாவல்களில் இட அடையாளம்

முன்னுரை

தமிழ்த் திறனாய்வில் 'மண் சார்ந்த எழுத்து' என்னும் தொடர் பெரும்பாலும் சிற்றூர்களைப் பற்றிய எழுத்தையே குறித்து வந்துள்ளது. கரிசல், கொங்கு, நாஞ்சில் என வட்டாரங்களை வகுப்போர் நகரத்தின் உட்பகுதியை ஒரு வட்டாரமாகக் கொள்வது அரிது. சிற்றூருக்குத் தொன்றுதொட்டு அடையாளம் உண்டு, நகரமோ அதனை அழிக்கும் இடம் என்னும் எண்ணமே இவ்வழக்கிற்கு அடிப்படையாகும். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976), தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' (2018) ஆகிய இரு நாவல்களையும் ஒருசேர வைத்துப் பார்க்குமிடத்து இவ்வெண்ணம் வலுவிழக்கிறது. இரண்டிலும் இடத்தின் அடையாளம் இயற்கையாக அமைந்ததன்று. குடியேறியவர்கள் காலப்போக்கில் உருவாக்கியது. இரண்டற்கும் இடையேயான வேறுபாடு, அவ்வடையாளம் எதனைப் பற்றிக்கொண்டு நிலைக்கிறது என்பதில்தான் உள்ளது.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருள் என்கிறது. வட்டார இலக்கியம் பற்றிப் பேசுவோர் நிலத்தை நினைவிற்கொண்ட அளவிற்குப் பொழுதை நினைவிற்கொள்ளவில்லை. தொல்காப்பியம் கூறும் பொழுது மீண்டும் மீண்டும் சுழன்று வரும் காலம். நாவல் கையாளும் பொழுது மீளாத வரலாற்றுக் காலம். ஆயினும் நிலம் மாறாதது என்னும் கருத்து பழந்தமிழ் மரபுக்கும் உடன்பாடன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பல மொழி பேசுவோர் புகாரில் கலந்து வாழ்ந்த நிலையைப் பட்டினப்பாலை அந்நகரின் பெருமையாகவே காட்டுகிறது. நகரக் கலப்பை இழுக்காகக் கருதும் போக்கிற்கு மரபின் துணை இல்லை என்பது இதனால் பெறப்படும்.

கோபல்ல கிராமம்: காடு ஊரான வரலாறு

கரிசல் இலக்கியத்தின் முன்மாதிரியாகக் கருதப்படும் கோபல்ல கிராமம் உண்மையில் ஓர் இடப்பெயர்வின் கதையாகும். தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி ஓடிவந்த கம்மவார் குடும்பங்கள் தெற்கே ஒரு காட்டுப்பகுதியை அடைந்து, தீயிட்டுக் காட்டை அழித்து, விளைநிலமாக்கி ஊரமைக்கின்றன. இவ்வரலாறு மங்கத்தாயாரு அம்மாள் என்னும் மூதாட்டியின் வாய்மொழியாக விரிகிறது. 'மண்ணின் மைந்தர்' எனப் போற்றப்படுவோர் அம்மண்ணுக்கு வந்தேறியவர்களே என்பதை நாவல் மறைக்கவில்லை. அதனையே தன் பெருமிதமாகக் கொள்கிறது.

இங்கு அடையாளத்தை நிலைநிறுத்துவன இரண்டு. ஒன்று நிலவுடைமை, மற்றொன்று தலைமுறை வழிவரும் நினைவு. கோட்டையார் வீட்டில் இவ்விரண்டும் ஒன்றுசேர்கின்றன. நிலம் கையில் இருப்பதால் நினைவு அறுபடாமல் தொடர்கிறது. நினைவு தொடர்வதால் நிலத்தின் மீதான உரிமை இயல்பானதாகத் தோன்றுகிறது. அந்நிலத்தில் உழைத்த பிறருடைய நினைவு இதே அளவிற்கு நாவலில் இடம்பெறவில்லை. பாமாவின் 'கருக்கு' (1992) ஊரைச் சாதிவாரியான தெருக்களாகப் பிரித்துக் காட்டும்போதுதான், சிற்றூரின் ஒற்றை அடையாளம் என்பது யாருடைய அடையாளம் என்னும் வினா கூர்மை பெறுகிறது.

பேட்டை: ஊர் நகரான வரலாறு

சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை 1734ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கூவத்தின் வளைவில் நெசவாளர்களுக்கென அமைத்த குடியிருப்பாகும். 'சின்ன தறிப் பேட்டை' என்பதே இவ்வாறு மருவிற்று என்னும் விளக்கமும் வழங்குகிறது. தறிகளின் ஓசை அடங்கிய பின்னரும் பெயர் நிலைத்தது. மீன் சந்தை முதலான பிற தொழில்கள் அவ்விடத்தின் முகமாயின. காடு ஊரானதைப் போன்றே தொழிற்குடியிருப்பு நகரத்தின் உட்பகுதியாயிற்று. கோபல்ல கிராமத்தின் தோற்றக் கதைக்கு எவ்வகையிலும் குறையாத தோற்றக் கதை இப்பேட்டைக்கும் உண்டு.

நகரச் சேரி மாந்தரை இலக்கியத்தின் மையத்திற்குக் கொணர்ந்த சிறப்பு ஜெயகாந்தனுக்கு உரியது. எனினும், 'உன்னைப் போல் ஒருவன்' முதலிய அவருடைய ஆக்கங்களில் மாந்தரின் அறச்சிக்கலே முதன்மை பெறுகிறது. இடத்தின் வரலாறு பின்னணியாகவே நிற்கிறது. தமிழ்ப்பிரபா இடத்தின் பெயரையே நாவலின் பெயராக்குகிறார். சிந்தாதிரிப்பேட்டை அடித்தட்டு மக்களின் அன்றாடமும், அருகருகே வாழும் கிறித்தவ நம்பிக்கையும் நாட்டார் நம்பிக்கையும், பேச்சு வழக்கும் இணைந்து அங்கு ஒரு வட்டாரமாகின்றன. ஆனால் கோட்டையார் வீட்டைப் போன்ற நிலவுடைமை இம்மக்களுக்கு இல்லை. பெயரும் பேச்சும் வழிபாடும் அண்டை உறவுமே அடையாளத்தைத் தாங்குகின்றன. உடைமையின்றி நிலைக்கும் அடையாளம் என்பதே நகர உட்பகுதியின் தனித்தன்மை எனலாம்.

மொழியும் மதிப்பும்

கி. ராஜநாராயணன் தொகுத்த வழக்குச் சொல்லகராதி (1982) கரிசல் பேச்சுக்கு அறிவுலக மதிப்பை ஈட்டித் தந்தது. சென்னைப் பேச்சோ நெடுங்காலம் திரைப்பட நகைச்சுவைக்கு உரியதாகவே கருதப்பட்டது. கலப்பு மொழி என்பது அதன் மீது சுமத்தப்படும் குறை. உருதுவழி வந்த 'பேஜார்', 'உஷார்' போன்ற சொற்கள் சென்னைப் பேச்சில் கலந்துள்ளமை உண்மையே. ஆனால் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடியேறிகளின் பேச்சும் கரிசல் தமிழின் வளத்திற்குக் காரணமாகும். சிற்றூரில் வளமாகக் கொள்ளப்படும் ஒன்று நகரில் சிதைவாகக் கொள்ளப்படுவதற்கு மொழியியல் அடிப்படை இல்லை. பேசுவோரின் சமூக நிலையே இம்மதிப்பீட்டைத் தீர்மானிக்கிறது.

இது இலக்கியத்தோடு மட்டும் அமைவதன்று. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் கூவக் கரையோரக் குடும்பங்கள் பல கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய நகர்ப்புற விளிம்புகளுக்கு இடம்பெயர்க்கப்பட்டன. அணைக்காக ஒரு சிற்றூர் மூழ்கும்போது ஓர் ஊர் அழிந்ததாகப் பேசப்படுகிறது; பேட்டையின் ஒரு பகுதி பெயர்க்கப்படும்போது வீடுகள் மாற்றப்பட்டதாக மட்டுமே பேசப்படுகிறது. ஓர் இடத்திற்கு அடையாளம் இல்லை என முன்னரே முடிவு செய்தபின், அதன் இழப்பும் இழப்பாகத் தோன்றுவதில்லை. அம்முடிவை வலுப்படுத்தியதில் வட்டாரத்தைச் சிற்றூருக்குள் அடக்கிய திறனாய்வுக்கும் பங்குண்டு.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் சில கருத்துகள் தெளிவாகின்றன. சிற்றூரின் அடையாளமும் நகர உட்பகுதியின் அடையாளமும் இடப்பெயர்வு, தொழில், மொழிக் கலப்பு ஆகியவற்றால் உருவானவையே. முன்னது நிலவுடைமையோடு கூடிய குடும்ப நினைவால் நிலைக்கிறது. பின்னது உடைமையற்ற கூட்டு வழக்காறுகளால் நிலைக்கிறது. ஆதலின் எளிதில் கலைக்கப்படும் நிலையிலும் இருக்கிறது. கரிசலுக்கு ஆய்வுலகம் காட்டிய பரிவையும் சொல்தொகுக்கும் உழைப்பையும் பேட்டைக்கும் காட்டுவது உடனடித் தேவையாகும். பேசுவோர் ஒருங்கே வாழும் காலத்திலேயே அப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.