மண்டல வரைவும் கற்பித்தலும்

உளநோய் தணிக்கவும் தன்னைத் தானே உணரவும் மண்டலம் வரையக் கற்பிக்கும் வழக்கம் இன்று மேலைநாடுகளில் மருத்துவமனை, பள்ளி முதலான இடங்களிற் பரவியுள்ளது. தாளில் ஒரு வட்டம் இடப்படுகின்றது. அதனுள் நெஞ்சிற் பட்ட வடிவங்களை வண்ணங்கொண்டு நிரப்புமாறு சொல்லப்படுகின்றது. சிலவிடங்களில் வட்டத்தினுள் வடிவங்களும் முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். வண்ணம் பூசுதல் ஒன்றே பயில்வார் தொழில். இம்முறைக்குச் சான்றாகக் காட்டப்பெறுவது சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலறிஞர் கார்ல் குசுத்தாவ் யுங் (1875–1961) என்பாரது பெயராகும். அவர்தம் நூல்களை ஊன்றிப் பயில்வார்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. எவரும் கற்பியாமல் தானே தோன்றியமைதான் நோயாளர் வரைந்த மண்டலங்களின் சிறப்பு என்றவர் யுங். அங்ஙனமாயின், அதனைப் பாடமாக வகுத்துக் கற்பித்தல் எங்ஙனம் பொருந்தும்? இவ்வையத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். உளமருத்துவம் என் துறையன்று. ஆயினும் ஒரு நூலின் கருத்தும் அந்நூலின் பெயரால் நடைபெறும் செயலும் ஒத்துள்ளனவா எனக் காண்பது இலக்கியம் பயில்வானுக்கும் உரிய பணியே.

சொல்லிலிருந்து தொடங்குவாம். மண்டலம் என்பதற்கு வட்டம் என்பது முதற்பொருள். மண்டிலம் என்னும் வடிவம் சங்கச் செய்யுளிலேயே உண்டு. புறநானூற்று 30ஆம் பாட்டு ஞாயிற்றின் இயக்கம் சூழ்ந்த வட்டத்தை அச்சொல்லாற் சுட்டுகின்றது. நாட்டுப் பிரிவும், மருந்துண்ணும் நாட்கணக்கும் பின்னர் மண்டலம் எனப் பெயர் பெற்றன. நமக்கு ஈண்டு மிகப் பயன்படுவது யாப்பு நூலார் வழக்கு. எல்லா அடியும் அளவொத்து வருவது நிலைமண்டில ஆசிரியப்பா. எந்த அடியை முதலிலோ இடையிலோ இறுதியிலோ வைத்துப் படிப்பினும் ஓசையும் பொருளும் கெடாது நிற்பது அடிமறிமண்டில ஆசிரியப்பா. தொடங்கிய சொல்லுக்கே மீண்டு வரும் அந்தாதியை மண்டலித்து முடிந்தது என்பர். அபிராமி அந்தாதியின் நூறாம் பாட்டு முதற்பாட்டின் தொடக்கச் சொல்லில் வந்து நிற்றலைக் காண்க. ஆகவே தமிழ் இலக்கண வழக்கில் மண்டிலம் என்பது கற்பிக்கத் தக்கதோர் அமைப்பின் பெயர். ஆசிரியன் அடியளவைக் கற்பிப்பான். அவ்வடியில் மாணாக்கன் வைக்கும் பொருளை அவன் கற்பிப்பதில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் திருவம்பலச் சக்கரம், நவாக்கரி சக்கரம், சாம்பவி மண்டலச் சக்கரம் என்னும் பகுதிகள் உள்ளன. கோடிடும் முறையும் எழுத்தடைக்கும் முறையும் அங்குப் பாட்டாகவே சொல்லப்படுகின்றன. அவை வழிபாட்டுக்குரியன, வரைபவனது அன்றைய மனநிலைக்கு அவற்றில் இடமில்லை. வாயிலில் இடும் கோலத்தையும் தமிழர் மண்டலம் என்று அழைப்பார் இக்காலத்து உளர். இதனை ஏற்றற்கில்லை. சிக்குக் கோலத்தின் கோடு புள்ளிகளைச் சூழ்ந்து சென்று புறப்பட்ட இடத்தை அடைவது உண்மையே. ஆயினும் அது வாயிலுக்கும் விடியலுக்கும் உரிய செயல்; இடுபவளின் உள்ளத்தை ஆராய்வதற்கு உரியதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970களில் கோலத்தைக் கணித நோக்கில் ஆராய்ந்தபோது அதனை ஒரு மொழியாகக் கொண்டு, அதன் ஆக்க விதிகளையே தேடினார். அதுவே தக்க நெறி எனத் தோன்றுகின்றது. பெயர் ஒப்புமை கண்டவுடன் பொருள் ஒப்புமையும் கொள்வது நம்மவரிடம் உள்ள பழைய குறை.

இனி யுங்கின் கூற்றுக்களைக் காண்போம். 1962ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் நினைவு நூல், 1916ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தாம் மண்டலம் ஒன்று வரைந்ததைக் கூறுகின்றது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஷாத்தோ தெ என்னும் ஊரில் ஆங்கிலப் போர்வீரர் தங்கவைக்கப்பட்டிருந்த முகாமுக்கு அவர் தலைவராக இருந்தார். அக்காலத்தே நாள்தோறும் காலையில் ஒரு குறிப்பேட்டில் சிறு வட்ட ஓவியம் ஒன்று தீட்டி வந்தார். அங்ஙனம் தீட்டியவை தம் அன்றன்றைய உள்ளநிலையைக் காட்டின என்கிறார். இதற்கு அவர் காட்டும் சான்று கருதத்தக்கது. அவருடைய உட்காட்சிகள் எல்லாம் கலையே என வற்புறுத்தி ஓர் அம்மையார் கடிதம் எழுதினார். அக்கடிதம் யுங்கிற்கு எரிச்சல் ஊட்டிற்று. மறுநாள் அவர் வரைந்த மண்டலத்தின் ஓரம் ஒருபுறம் உடைந்து, வடிவொப்புக் குலைந்து போயிருந்தது.

யுங்கின் மண்டலக் கொள்கை முழுவதினும் இச்சிறு செய்தியே வலிமை மிக்கது என்பது என் கருத்து. உடைந்த வட்டம் தன்னளவில் எதனையும் சொல்லவில்லை. முன்னாள் வட்டம் முழுமையாக இருந்தமையாலும், இடையே ஒரு கடிதம் வந்தமையாலும், மூன்றையும் அறிந்தவர் ஒருவரே ஆனமையாலும் அது பொருளுடையதாயிற்று. தனி ஓவியத்திற்கன்று, நாள் முறையில் அமைந்த ஓவிய வரிசைக்கே அங்குப் பயன் உள்ளது. ஒருநாள் வகுப்பில் ஒரு மண்டலம் வரைவித்து அதனைக் கொண்டு வரைந்தவர் நெஞ்சை அறிய முயல்வார் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

தானே தோன்றிற்று என்னும் கூற்றோ அத்துணை வலிமையுடையதன்று. 1928ஆம் ஆண்டில் ரிச்சர்டு வில்லெல்ம் என்னும் சீனமொழி அறிஞர் பொன்மலரின் மறை என்னும் சீன நூலின் மொழிபெயர்ப்பை யுங்கிற்கு அனுப்பினார். தாமும் தம் நோயாளரும் கீழைநாட்டு நெறிகளை அறியாமலே கண்ட வடிவங்களுக்கு அந்நூலில் ஒப்புமை கிடைத்தது என யுங் மகிழ்ந்து, 1929இல் விளக்கவுரையுடன் அதனை வெளியிட்டார். ஆனால் 1921ஆம் ஆண்டிலேயே உளவகைகள் பற்றிய தம் பெருநூலில் பிரமம், ஆன்மா முதலிய உபநிடதக் கருத்துக்களை அவர் விரிவாக ஆண்டுள்ளார். இந்திய நூல்களின் மொழிபெயர்ப்புக்களைப் பயின்ற ஒருவர் கையில் தோன்றிய வட்டத்தை முற்றும் கல்லாதது என்று கொள்ளுதல் அரிது.

1950இல் விரிவாக வெளிவந்த அவருடைய மற்றொரு கட்டுரை ஓர் அமெரிக்கப் பெண்மணி வரைந்த ஓவியங்கள் இருபத்துநான்கினை ஆராய்கின்றது. அவர் 1928இல் யுங்கிடம் வந்தபோது அகவை ஐம்பத்தைந்து. ஒன்பது ஆண்டுகள் உளநூல் பயின்றவர். ஒளிமிக்க வண்ணங்களுக்கு அஞ்ச வேண்டா என்று தாமே அவருக்கு அறிவுரை கூறியதையும் யுங் மறைக்கவில்லை. இந்நேர்மை போற்றத்தக்கது, ஆனால் இதனால் அவர் கொள்கை தளர்கின்றது. வண்ணம் பற்றிச் சொன்னவர் ஆசிரியரே. அக்கட்டுரையில் வரைந்தவரைக் காட்டிலும் யாக்கோபு பேமே என்னும் செருமானிய மறைஞானியும் இரசவாத நூலாரும் மிகுதியாகப் பேசுகின்றனர் என்பதையும் குறிப்பிடல் வேண்டும். உரையாசிரியன் கல்விப் பெருக்கில் மூலம் மூழ்கிப்போதல் நம் மொழியிலும் காணாததன்று.

யுங்கின் நூல்களுள்ளேயே அவர் கொள்கைக்கு மறுதலையான ஒரு சான்று உண்டு. 1938ஆம் ஆண்டில் இந்தியப் பயணத்தின்போது டார்ச்சிலிங்கை அடுத்த பூட்டியா பசுட்டி மடத்தில் லிங்டம் கோம்சென் என்னும் இலாமாவைக் கண்டு மண்டலம் பற்றி வினவினார். இலாமா கூறியதை 1944ஆம் ஆண்டு வெளிவந்த உளவியலும் இரசவாதமும் என்னும் நூலிற் பதிந்துள்ளார். மடங்களிற் காணும் மண்டல ஓவியங்களுக்குப் பெருஞ்சிறப்பு இல்லை, அவை புறவடிவங்களே. உண்மை மண்டலம் உள்ளத்துள் எழுப்பப்படுவது. உளச்சமநிலை குலைந்தபோதோ, ஒரு கருத்துக் கிட்டாது தேட வேண்டியபோதோ எழுப்பப்படுவது. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. இவை இலாமாவின் கருத்துக்கள். இவற்றை யுங் தமக்குத் துணையாகக் கொண்டார். ஆனால் இலாமா இன்னொன்றும் கூறினார்: அங்ஙனம் எழுப்ப வல்லவர் முற்றும் பயிற்சி பெற்ற இலாமாக்களே. கல்லாதார்க்கு மண்டலம் இல்லை என்பதே இதன் பொருளன்றோ?

திபெத்திய மரபு முழுவதும் இதற்குச் சான்று பகரும். அங்கே தீக்கை பெற்றவரே பயில்வர். நூல்பிடித்து அச்சுக்கோடுகள் இடுதல் முதல், எத்திசைக்கு எவ்வண்ணம் என்பது வரை விதி உண்டு. மணல் மண்டலம் அமைப்போர் கூம்பிய உலோகக் குழல்களால் வண்ண மணலைச் சிறிது சிறிதாகப் பெய்வர். பல நாள் உழைத்து முடித்தபின் அதனைக் கூட்டி அள்ளி நீரில் விடுவர். வரைந்தவன் தன் ஓவியத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன்னையே அதிற் காண்பது அம்மரபில் இல்லை. நடுவிடத்தில் தெய்வம் அமர்ந்திருக்கும். தம் நோயாளர் மண்டலங்களின் நடுவே தெய்வம் இல்லை, மலரோ விண்மீனோ பிறிதோ உள்ளது என்பதை யுங்கே 1937ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் எடுத்துக் காட்டினார். அவ்வொரு வேற்றுமை போதும், இரண்டும் ஒன்றல்ல எனத் துணிதற்கு.

ஆக, ஒருபால் முற்றும் கற்பிக்கப்பட்ட மண்டலம். மற்றொருபால் கற்பிக்கப்படாதது எனக் கருதப்பட்ட மண்டலம். இன்றைய வகுப்பறை வட்டம் இவ்விரண்டினும் சேராதது. ஆயினும் பயனற்றது எனத் தள்ளிவிடல் ஆகாது. 2005ஆம் ஆண்டில் கரி, காசர் என்னும் இருவர் எண்பத்துநான்கு மாணவரைக் கொண்டு ஆராய்ந்தனர். முதலில் அவர்க்குச் சிறிது அச்சம் விளைவித்து, பின் ஒரு சாரார்க்கு அச்சிட்ட மண்டலமும், ஒரு சாரார்க்குக் கட்டம் போட்ட வடிவமும், எஞ்சியவர்க்கு வெறுந்தாளும் கொடுத்து வண்ணம் தீட்டச் செய்தனர். மண்டலத்தாலும் கட்டத்தாலும் மனக்கலக்கம் ஏறத்தாழ ஒத்த அளவிற் குறைந்தது. வெறுந்தாள் அத்துணைப் பயன் தரவில்லை. 2012இல் ஐம்பதின்மரைக் கொண்டு வேறு இருவர் இதனை மீண்டும் செய்தபோது கட்டத்தினும் மண்டலமே மிக்க பயன் தந்தது. முதல் ஆய்வினை நோக்கின், அமைதி தந்தது வட்டமன்று. எல்லை வகுத்த ஒழுங்கே. இரண்டாவதனை நோக்கின் வட்டத்திற்கும் ஏதோ பங்குண்டு. வழக்கு இன்னும் முடிந்திலது.

2007ஆம் ஆண்டு ஆய்வு வேறு வகையினது. கொடிய நிகழ்ச்சிகளால் உளம் நைந்தோர் முப்பத்தறுவருள் ஒரு பகுதியினர் தம் துன்ப உணர்வைக் குறிக்கும் வடிவங்களை வட்டத்துள் தாமே வரைந்தனர். பிறர் குப்பி, கோப்பை போன்ற பொருள்களை வரைந்தனர். ஒரு திங்கள் கழித்துப் பார்த்தபோது முன்னவர்க்கு அந்நிகழ்ச்சியால் வந்த துன்பக் குறிகள் குறைந்திருந்தன. வேறு அளவைகளிற் குறிக்கத்தக்க வேற்றுமை இல்லை. இங்கே வட்டம் தரப்பட்டது, உட்பொருள் தரப்படவில்லை. யாப்பாசிரியன் அடியளவு தந்து பொருளை மாணாக்கனிடம் விட்டதை ஒக்கும் இது. கற்பிக்கத் தகுவது யாது, தகாதது யாது என்பதற்கு இவ்வாய்வு அளவிற் சிறிதாயினும் நல்ல வழிகாட்டி.

தகாதது எனப்படுவது யாது? சிவப்புச் சினம், நீலம் அமைதி, நான்கு முழுமை என அட்டவணை வகுத்து, அதனைக் கொண்டு வரைந்தவர் நெஞ்சைப் படிப்பதே. அகத்திணையில் உள்ளுறை பயின்றோர் இதன் பிழையை எளிதில் உணர்வர். மருதப் பாட்டில் எருமை தாமரையை மேய்ந்தது என வருமாயின், அது பரத்தையை நாடிச் சென்ற தலைவனைக் குறிக்கும். ஆனால் எருமை என்னும் சொல்லுக்கு எந்த நிகண்டிலும் அப்பொருள் இல்லை. சொல்லுபவள் தோழியோ தலைவியோ என்பதும், கேட்பவன் யார் என்பதும், எந்நிலையில் சொல்லப்பட்டது என்பதும் கூடியபோதே அப்பொருள் பிறக்கின்றது. கூற்றும் துறையும் அறியாது கருப்பொருளுக்கு மட்டும் பொருள் சொல்லுவானை நாம் உரையாசிரியன் என்பதில்லை. துயருற்று வந்த ஒருவரிடம், நீவிர் கறுப்பைத் தெரிந்தமையால் இன்னது உம் உள்ளத்தில் உள்ளது என்று கூறும் ஆசிரியன் இதனினும் பெரும்பிழை செய்கின்றான். பாட்டுக்கு வந்த கேட்டைப் பின்வந்த உரையாசிரியன் திருத்தலாம். நோயுற்றவரோ ஆசிரியன் சொல்லை நம்பிக்கொண்டு வீட்டிற்குச் செல்கின்றார்.

மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு வேண்டுகோள். திபெத்தியரும் பிறரும் தீக்கைபெற்று வரைவதற்கே மண்டலம் என்னும் சொல் நிற்க. மருத்துவமனையிலும் பள்ளியிலும் பயிற்றப்படுவதை வட்டவரைவு என்றும், யுங்கின் குறிப்பேட்டிலிருந்தவை போன்றவற்றை நாள்வட்டம் என்றும் வேறுபடுத்தி வழங்கலாம். சக்கரம், கோலம் என்னும் சொற்கள் இவற்றுள் எதற்கும் வேண்டா; அவற்றுக்கு உரிய பொருள்கள் தமிழில் முன்னரே உள்ளன.